கழட்டி வச்ச வாட்ச்சு

பிரசவம் பாக்குற லேபர் ரூம்ல நர்சா வேல பாக்க ஆரம்பிச்சு பதினாலு வருசம் ஆச்சு. மதுரையில ரெண்டு ஆஸ்பத்திரி மாறியிருக்கேன், ரெண்டுமே பிரைவேட்டு. புதுசா வர்ற பிள்ளைக ஒவ்வொரு பேட்ச்லயும் யாராவது ஒருத்தி கேட்டுருவா, "அக்கா, கை கழுவுறப்ப வாட்ச்ச கழட்டியே ஆகணுமா, கொஞ்சம் மேல தள்ளிக்கிட்டா போதாதா?"ன்னு. கழட்டணும்னு ஒரே வார்த்தையில சொல்லிருவேன். ஆனா அந்த ஒரு வார்த்தைக்கு வந்து சேர எனக்கே அஞ்சாறு வருசம் ஆச்சு, அதத்தான் எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

எங்க ஊரு வாடிப்பட்டி பக்கம். அப்பா பஸ் கண்டக்டர். அவரு கையில எப்பவும் ஒரு எச்.எம்.டி வாட்ச்சு இருக்கும், காலையில காபி குடிச்சதும் மொத வேலையா அதுக்கு சாவி குடுப்பாரு, அந்த கிர்ரு கிர்ருங்குற சத்தத்துலதான் நாங்க எந்திரிப்போம். பஸ்ஸு ஸ்டாண்டுல ரெண்டு நிமிசம் லேட்டா எடுத்தா பின்னாடி வர்ற பஸ்காரன் சண்டைக்கு வந்துருவான், அதுனால அவருக்கு நேரம்னா நேரம்தான். நான் நர்சிங் முடிச்சு மொத வேலைக்கு போற வாரம் என்னைய டவுன்ஹால் ரோட்டுக்கு கூட்டிட்டு போயி வாட்ச்சு வாங்கி குடுத்தாரு. கடைக்காரரு சின்ன சின்னதா அழகா எடுத்து காட்ட காட்ட, அப்பா ஒவ்வொண்ணயும் கண்ணுகிட்ட கொண்டு போயி பாத்து "இதுல செகண்ட் முள்ளு இல்லையே, எம்புள்ள நாடி பாக்கணும்ல"ன்னு திருப்பி குடுத்துக்கிட்டே இருந்தாரு. கடைசியில தங்கக்கலர் செயின் வச்ச ஒண்ணு, வெள்ள டயலு, சிவப்பு செகண்ட் முள்ளு. அத கட்டிவிட்டுட்டு அவரு என் கைய பாத்த பார்வை இருக்கே, அதுக்கப்பறம் யாரு வந்து கழட்டுன்னு சொன்னாலும் எனக்கு மனசு வருமா?

நர்சுக்கு வாட்ச்சு நகை கெடையாது, அது வேலைக்கான சாமான். லேபர் ரூம்ல அது இன்னும் அதிகம். வலி வந்த பொண்ணு படுத்திருப்பா, நாம ஒரு கைய அவ வயித்து மேல லேசா வச்சிருப்போம், வயிறு கல்லு மாதிரி இறுகுறப்ப செகண்ட் முள்ள பாக்கணும், தளர்றப்ப திரும்ப பாக்கணும், பத்து நிமிசத்துல எத்தன தடவ இறுகுது, ஒவ்வொண்ணும் எத்தன செகண்டு நிக்குது, இருபதுக்குள்ளயா நாப்பதுக்கு மேலயா, அதத்தான் பார்ட்டோகிராம்ல, அதாவது பிரசவம் எப்படி போகுதுன்னு குறிச்சு வைக்கிற தாள்ல, கட்டம் கட்டமா நெரப்புறது. பிள்ளையோட இதயத்துடிப்ப ஒரு முழு நிமிசம் எண்ணணும், 110ல இருந்து 160க்குள்ள இருக்கணும். பொறந்த பெறகு ஒரு நிமிசத்துல ஒரு தடவ, அஞ்சு நிமிசத்துல ஒரு தடவ ஆப்கார் மார்க்கு போடணும், 1952ல அமெரிக்காவுல டாக்டர் விர்ஜினியா ஆப்கார் கொண்டு வந்த கணக்கு, நெறம், துடிப்பு, முகம் சுளிக்குதா, கை கால் மடக்குதா, மூச்சு எப்படின்னு அஞ்சுக்கும் ரெண்டு ரெண்டு மார்க்கு, மொத்தம் பத்து. இதுல எதையுமே குத்துமதிப்பா பண்ண முடியாது.

இது போக நம்ம ஊர்ல இன்னொண்ணு இருக்கு. கதவுக்கு வெளிய நிக்கிற தாத்தாவோ மாமனாரோ, பிள்ளை அழுகுற சத்தம் கேட்டதும் மொத கேள்வி ஆணா பொண்ணா, ரெண்டாவது கேள்வி "நர்சம்மா, கரெக்டா எத்தன மணி எத்தன நிமிசம்?" ஜாதகம் எழுதணும்ல. நாம சொல்ற அந்த நிமிசத்த வச்சு லக்னம் குறிச்சு, இருபத்தஞ்சு வருசம் கழிச்சு அத எடுத்துக்கிட்டு பொண்ணு பாக்க போவாங்க. எனக்கு ஜாதகத்துல நம்பிக்கை இருக்கா இல்லையாங்குறது வேற, ஒரு குடும்பம் ஆயுசுக்கும் வச்சுக்கப்போற நேரம் என் மணிக்கட்டுல இருந்து போகுதுங்குறது சாதாரண விசயமில்ல.

அதுனால நான் கழட்டல. கை கழுவுறப்ப முழங்கை பக்கம் ஏத்தி விட்டுக்குவேன், செயினு லூசா இருந்தா ஏறும், வெயில் காலத்துல கை வீங்கியிருந்தா ஏறாது, அப்ப அப்படியே சோப்பு போட்டு கழுவிருவேன். வாட்ச்சுக்கு பின்னாடிதான் வாட்டர் ரெசிஸ்டன்ட்னு போட்டிருக்கே, 30 மீட்டர்னு வேற போட்டிருக்கேன்னு ஒரு தைரியம்.

ஒரு நைட் டியூட்டி. மேலூர் பக்கத்து பொண்ணு, தலப்பிரசவம், கடைசி இருபது நிமிசம் வாட்ச்ச திரும்பி பாக்கக்கூட நேரமில்ல, அவ கைய விட மாட்டேங்குறா, டாக்டரு "நல்லா முக்கும்மா"ங்குறாங்க. பிள்ளை வந்துச்சு, உடனே அழுதுச்சு. நான் வாட்ச்ச பாத்து ரெண்டு பதினேழுன்னு சத்தமா சொன்னேன், ஆயாம்மா கேஸ் ஷீட்டு ஓரத்துல குறிச்சுக்கிட்டாங்க. பிள்ளைய தொடச்சு அம்மா நெஞ்சுல போட்டு, கொடி அறுத்து, மொத நிமிச மார்க்கு போட்டாச்சு. அஞ்சு நிமிசம் ஆயிருக்குமேன்னு திரும்ப பாக்குறேன், ரெண்டு பதினேழு. சிவப்பு முள்ளு நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல அப்படியே நிக்குது, கண்ணாடிக்கு உள்பக்கம் பனி மாதிரி ஒரு வெள்ளப் படலம். எனக்கு வயித்துக்குள்ள என்னமோ பண்ணிருச்சு. ஆயாம்மாவ வெளிய போயி போன பாக்க சொன்னேன், ரெண்டு நாப்பத்தொண்ணு.

டாக்டரும் நானும் பின்னாடி இருந்து எண்ணி, கொடி துடிப்பு நிக்கிற வரைக்கும் எவ்வளவு நேரம் காத்திருந்தோம், அதுக்கப்பறம் எவ்வளவு நேரம்னு பாத்து, ரெண்டு முப்பத்தாறுன்னு முடிவு பண்ணோம். பழசு மேல ஒத்தக்கோடு போட்டு வெட்டி பக்கத்துல கையெழுத்து போட்டேன். வெளிய வந்து அந்த தாத்தாகிட்ட உள்ளத உள்ளபடியே சொன்னேன், "அய்யா, வாட்ச்சு நின்னுபோச்சு, முப்பத்தாறு முப்பத்தேழுக்குள்ள, அதுக்கு மேல துல்லியமா சொல்ல முடியலய்யா, மன்னிச்சுக்கங்க." அவரு பஸ் டிக்கெட்டு பின்னாடி எழுதிக்கிட்டே "ஒரு நிமிசத்துல என்னா தாயி ஆயிறப்போகுது, பிள்ள நல்லாருக்குல்ல"ன்னாரு. அவரு கோவப்பட்டிருந்தாக்கூட எனக்கு இம்புட்டு வலிச்சிருக்காது.

மறுநாள் தூங்காம நேரா ரிப்பேர் கடைக்கு போனேன். வயசான பாய் ஒருத்தரு, கண்ணுல லென்ச மாட்டிக்கிட்டு பின்மூடிய தெறந்து எனக்கும் காட்டுனாரு. மூடிய சுத்தி ஒரு கருப்பு ரப்பர் ரிங்கு இருக்கும், அது வெரைச்சு போயி ஒரு எடத்துல விரிசல் விட்டிருந்துச்சு, ஓரமெல்லாம் வெளுத்த பச்சையா ஒரு பசை. "இது தண்ணியில போகலம்மா, சோப்புல போயிருக்கு"ன்னாரு. பச்சத்தண்ணி வழுக்கிட்டு ஓடிரும், சோப்புத்தண்ணிக்கு இளகுற கொணம், சின்ன சந்து கெடச்சாலும் புகுந்துரும், ரப்பரயும் கொஞ்சம் கொஞ்சமா கெடுத்துரும், 30 மீட்டர்ங்குறது மேல நாலு சொட்டு தெறிச்சா தாங்கும்ங்குற அர்த்தம்தான், முப்பது மீட்டர் ஆழத்துக்கு கொண்டு போலாம்னு இல்லன்னு வெளக்குனாரு. அப்பறம் ஒரு பல்துலக்குற பிரஷ்ஷ எடுத்து செயினோட இடுக்க ஒரு வெள்ளப் பேப்பர் மேல வச்சு தேச்சாரு. பேப்பர்ல விழுந்தத பாத்தேன். கருப்பா, பிசுபிசுன்னு, சோப்பும் வேர்வையும் தோலும் இன்னும் எதெதுவோ. ஒரு நாளைக்கு நாப்பது தடவ கழுவுன கைதான் அது. அந்த கையோடதான் பொறந்து ஒரு நிமிசம் ஆன பிள்ளைகள வாங்கியிருக்கேன்.

வாட்ச்சு கெட்டுப்போனத விட அந்த பேப்பர்தான் என்னைய ரொம்ப நாளு தூங்க விடல.

கொஞ்ச மாசத்துல இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் சிஸ்டர் ஒரு டிரெயினிங் வச்சாங்க. கையில ஒரு களிம்ப தேச்சுவிட்டு, எப்பவும் போல கழுவிட்டு வர சொன்னாங்க, வந்ததும் நீல வெளிச்சம் எரியுற ஒரு பொட்டிக்குள்ள கைய விட சொன்னாங்க. எங்க களிம்பு போகலையோ அங்க பளபளன்னு மினுங்கும். உள்ளங்கை சுத்தம், வெரல் நுனி பரவால்ல, கட்டவெரல் அடியில கொஞ்சம். மணிக்கட்டுல மட்டும், வாட்ச்சு கட்டியிருந்த எல்லாருக்கும், வளையல் போட்ட மாதிரி ஒரு வெளிச்ச வட்டம். வாட்ச்ச மேல தள்ளி கழுவுனவங்களுக்கும் அதே வட்டம்தான், ஏன்னா கழுவி முடிச்சதும் அழுக்கு செயினு திரும்ப ஈரக்கை மேலயே எறங்கி உக்காந்துருது. சுவத்துல ஒட்டியிருக்க ஏழு ஸ்டெப் படத்துல கடைசி ஸ்டெப்பே மணிக்கட்டுதான், நாங்க தெனமும் அத பாத்துக்கிட்டே அத மட்டும் விட்டுட்டு வந்திருக்கோம்.

அன்னைக்கு அந்த சிஸ்டர்தான் வியன்னா கதைய சொன்னாங்க. 1847ல அங்க ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில செம்மல்வெய்ஸ்னு ஒரு டாக்டரு, பொணத்த அறுத்து படிச்சுட்டு அப்படியே பிரசவம் பாக்க வர்ற டாக்டருகள குளோரின் கலந்த தண்ணியில கைய கழுவ வச்சாரு, அந்த ஏப்ரல்ல நூத்துக்கு பதினெட்டு தாய்மாரு செத்துக்கிட்டு இருந்தது ஜூன்ல ரெண்டு சொச்சமா எறங்குச்சு. கிருமின்னா என்னன்னே யாருக்கும் தெளிவா தெரியாத காலம். அவரு பேச்ச அப்ப பெரிய டாக்டருக நெறைய பேரு ஏத்துக்கல. இத கேக்குறப்ப எனக்கு என் லேபர் டேபிளும் அந்த மேலூர் பொண்ணும்தான் கண்ணு முன்னாடி வந்தாங்க.

ஆனா கழட்டுன்னு மட்டும் சொல்லிட்டா வேல முடிஞ்சு போச்சா? எங்க வைக்கிறது? சட்டப்பையில வச்சா நாடி பாக்கணும்னா அத எடுக்க திரும்ப பைக்குள்ள கைய விடணும். நெஞ்சுல தொங்கவிடுற வாட்ச்சு ஒண்ணு வாங்கி பாத்தேன், குனியுறப்பல்லாம் பேஷண்டு மேல வந்து இடிக்குது. போனு வாட்ச்ச விட அழுக்கு. டிரெயினிங் முடிஞ்சு ஒரு வாரம் எல்லாரும் கழட்டுனாங்க, ரெண்டாவது வாரம் ஒவ்வொருத்தியா திரும்ப கட்ட ஆரம்பிச்சாளுக, மேட்ரன் சத்தம் போட்டாங்க, இவளுக மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டாளுக. சோம்பேறித்தனம்னு மேல உள்ளவங்க சொன்னாங்க. எனக்கு அது கொஞ்சங்கூட ஒத்துக்க முடியல. அந்த ரூம்ல நேரம் பாக்க வேற எதுவுமே இல்லங்குறதுதான் காரணம். ரிசப்ஷன்ல பெரிய கடிகாரம் இருக்கு, கேண்டீன்ல இருக்கு, மேனேஜர் ரூம்ல இருக்கு, செகண்டு செகண்டா எண்ணி வேல பாக்குற எடத்துல இல்ல.

நானே போயி கேட்டேன். ஒரு தடவ இல்ல, நாலு தடவ. உலக சுகாதார நிறுவனம் 2009லயே கை சுத்தத்துக்கு பெரிய வழிகாட்டு புத்தகம் போட்டிருக்கு, ஆபரேஷனுக்கு கை கழுவ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மோதிரம், வாட்ச்சு, வளையல கழட்டணும்னு அதுல இருக்கு, இங்கிலாந்துல 2008ல இருந்து முழங்கைக்கு கீழ ஒண்ணுமே இருக்கக்கூடாதுன்னு அரசு ஆஸ்பத்திரிகள்ல வழக்கமாக்கிட்டாங்க, நாங்களும் கழட்டுறோம் சார், எங்களுக்கு செகண்ட் முள்ளு இருக்க ரெண்டு சுவர்க்கடிகாரம் மட்டும் வாங்கி குடுங்கன்னேன். நாலாவது தடவ குடுத்தாங்க. ஒண்ணு லேபர் டேபிளுக்கு நேரா, ஒண்ணு பிள்ளைய வைக்கிற வார்மருக்கு மேல. வாட்ச்சு வைக்க சிங்க்குக்கு வெளிய ஆளுக்கு ஒரு சின்ன லாக்கர் கூண்டு. அந்த மாசத்துல இருந்து யாரும் யாரையும் கழட்ட சொல்லி சத்தம் போட்டதா எனக்கு ஞாபகமில்ல.

கயிறு விசயம்தான் கொஞ்சம் இழுத்துச்சு. பாண்டிகோயில் கயிறு, அழகர்கோயில் கயிறு, திருஷ்டிக்கு கருப்பு கயிறுன்னு நம்ம பிள்ளைக கையில ஒண்ணாவது இருக்கும், அது வாட்ச்ச விட மோசம், நனைஞ்சா டியூட்டி முடியுற வரைக்கும் காயாது. ஆனா சாமி கயிற கத்தரிக்கோல வச்சு வெட்டுன்னு சொல்ல எனக்கு வாய் வராது, சொல்லவும் கூடாது. ஒரு அலங்காநல்லூர் பிள்ளைதான் அதுக்கு வழி கண்டுபிடிச்சா, வீட்டுல பூசாரிகிட்ட கேட்டு முழங்கைக்கு மேல தாயத்து கட்டுற எடத்துல மாத்தி கட்டிக்கிட்டு வந்தா, இப்ப எல்லாரும் அப்படித்தான் கட்டுறாங்க.

வீட்டுல என்ன பண்றதுன்னு கேப்பாங்க. சாப்புட போறப்ப மேல தள்ளிக்கிட்டு கழுவுறதுல எனக்கு பெரிய சண்டை இல்ல. ஆனா பச்சப்பிள்ளைய பாக்க போறீங்கன்னா தயவு செஞ்சு கழட்டிருங்க. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல எறங்கி அந்த வேர்வையோட நேரா வார்டுக்குள்ள வந்து பிள்ளைய தூக்குற மாமன்மாருகள தெனம் பாக்குறேன், கைய மட்டும் நனைச்சுக்குவாங்க. செயினு இடுக்கு அந்த தோல கீறும், தலையில ரெண்டு முடி சிக்கி இழுக்கும், பிள்ளை எதுக்கு அழுகுதுன்னே தெரியாம தட்டிக்குடுத்துக்கிட்டு இருப்பாங்க. கழட்டி பையில போட்டுட்டு, மணிக்கட்டு வரைக்கும் சோப்பு போட்டு ஒரு நிமிசம் தேச்சு கழுவிட்டு, அப்பறம் வாங்குங்க.

அப்பா வாங்கி குடுத்த வாட்ச்சுக்கு பாய் புது ரப்பர் ரிங்கு போட்டு மெஷினயும் மாத்தி குடுத்தாரு, ஓடுது. டியூட்டி இல்லாத நாளு கட்டிக்குவேன். ரிட்டயர் ஆன பெறகு அப்பா ஒரு தடவ ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப மொதல்ல பாத்தது என் வெறுங்கையதான், ஒண்ணும் கேக்கல, ஆனா முகம் மாறிருச்சு. லேபர் ரூம் வாசல்ல நிக்க வச்சு கதவு கண்ணாடி வழியா உள்ள இருக்க சுவர்க்கடிகாரத்த காட்டுனேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு தன்னோட எச்.எம்.டிய திருப்பி பாத்தாரு. "உங்கது ஒரு நிமிசம் ஸ்லோவா இருக்கு பாப்பா, சரி பண்ணி வைங்க"ன்னாரு. அவரு சொன்னா அது சரியாத்தான் இருக்கும்னு தெரியும், இருந்தாலும் போன்லயும் ஒரு தடவ பாத்துட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, முள்ள நகத்தி வச்சேன்.