அத்லெடிக் டிரெய்னிங் முதுநிலை: விண்ணப்பக் கட்டுரையைத் தொடும் முன் டிரான்ஸ்கிரிப்டை (கல்லூரி மதிப்பெண் பட்டியலை) தொடுங்கள்

ஜிம்மில் எடை தூக்கச் சொல்லிக்கொடுப்பவர் பெர்சனல் டிரெய்னர். ஆட்டக்காரர் மைதானத்தில் சுருண்டு விழுந்தால் பையோடு முதலில் ஓடுபவர் அத்லெடிக் டிரெய்னர். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990இலேயே இதை மருத்துவத் துணைத் தொழிலாக ஏற்றுக்கொண்டது. முன்பெல்லாம் நான்கு வருட இளநிலைப் பட்டத்தோடு, இத்தொழிலுக்குச் சான்றிதழ் வழங்கும் வாரியமான பி.ஓ.சி.யின் தேர்வை எழுதலாம். தொழில் நுழைவுக்கு முதுநிலைப் பட்டம் என்று 2015இல் முடிவானது. 2022 இலையுதிர் பருவத்துக்குப் பின் இளநிலைப் படிப்புகளில் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்றார்கள். ஆகவே அமெரிக்காவில் இன்று புதிதாக வருபவருக்கு வழி ஒன்றுதான்: இப்படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பான சி.ஏ.ஏ.டி.இ.யின் அங்கீகாரம் பெற்ற, சுமார் இரண்டு வருட முதுநிலைப் படிப்பு.

பட்டத்தின் பெயரைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எம்.ஏ.டி. என்ற சுருக்கம் அத்லெடிக் டிரெய்னிங் முதுநிலையையும் குறிக்கும், சில பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பயிற்சிப் பட்டத்தையும் குறிக்கும். ‘போஸ்ட் புரொஃபெஷனல்’ என்று போட்டிருந்தால் அது ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கானது. அதை முடித்தாலும் பி.ஓ.சி. தேர்வு எழுதும் தகுதி வராது. சி.ஏ.ஏ.டி.இ. தளத்தில் கல்லூரியின் பெயரைத் தேடி, அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா, குறைகளுக்காகக் கண்காணிப்பில் (புரொபேஷன்) வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பி.ஓ.சி. தேர்வில் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற்றவர்களின் மூன்று வருடக் கூட்டு விகிதம் 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. அந்த எண்ணை ஒவ்வொரு படிப்பும் வெளியிட்டே ஆக வேண்டும். எட்டுப் பேர் மட்டும் படிக்கும் வகுப்பில் இரண்டு பேர் தவறினாலே 75க்கு வந்துவிடும் என்பதால், ஒரு வருடக் கணக்கை மட்டும் பார்த்து மிரளவோ மயங்கவோ வேண்டாம். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்பதையும் கூடவே பாருங்கள். தேர்ச்சி 100, முடித்தவர்கள் பாதி என்றால் அந்த 100க்குப் பெரிய மதிப்பில்லை.

அடுத்தது முன்தேவைப் பாடங்கள். உயிரியல், வேதியியல், இயற்பியல், உளவியல், உடற்கூறியல், உடலியல் ஆகிய ஆறும் அங்கீகார விதியிலேயே உள்ளவை. புள்ளியியல், ஊட்டச்சத்து, உடற்பயிற்சி உடலியல், கினிசியாலஜி (உடல் இயக்கவியல்) போன்றவற்றை அந்தந்தப் படிப்பு தன் விருப்பப்படி சேர்த்துக்கொள்ளும். ஆய்வகத்தோடு வேண்டுமா, ‘சி’ கிரேடு போதுமா, பத்து வருடத்துக்கு முன் படித்தது செல்லுமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். விரிதாள் ஒன்றைத் திறந்து, வரிசையில் கல்லூரிகளையும் நெடுக்கில் பாடங்களையும் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் பாடக் குறியீட்டையும் கிரெடிட்டையும் (பாடத்தின் எடையைக் காட்டும் எண்) எழுதுங்கள். காலியாக நிற்கும் கட்டத்துக்குக் கோடையில் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரி)தான் மலிவான தீர்வு.

வருடத்தை இரண்டு செமஸ்டராக அல்லாமல் அதைவிடக் குறுகிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் படித்தவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். ஒரு குவார்ட்டர் கிரெடிட் என்பது செமஸ்டர் கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. நான்கு கிரெடிட் இயற்பியல் முடித்தேன் என்று நிம்மதியாக இருப்பீர்கள். மாற்றிப் பார்த்தால் 2.67. படிப்போ மூன்று கேட்கும். இப்படிப்பட்ட குறைக்கு விதிவிலக்குக் கிடைக்க வாய்ப்புண்டு, ஆனால் படிப்பின் இயக்குநருக்குப் பாடத்திட்டத்தை இணைத்து முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டும். ஃபோனில் ‘பரவாயில்லை’ என்று சொன்னது பிறகு உதவாது.

பெரும்பாலான விண்ணப்பங்கள் ஏ.டி.காஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாகப் போகின்றன. இதில் நேரத்தைத் தின்பது பாடப் பதிவுதான். படித்த ஒவ்வொரு பாடத்தையும் டிரான்ஸ்கிரிப்டில் இருக்கிற அதே குறியீடு, அதே தலைப்பு, அதே கிரெடிட், அதே பருவம் என்று கையால் தட்டச்சு செய்ய வேண்டும். பாதியில் விட்ட பாடம், தோற்ற பாடம், உயர்நிலைப் பள்ளியிலிருந்தபடியே கம்யூனிட்டி காலேஜில் எடுத்த ஒற்றைப் பாடம் எதையும் விடக் கூடாது. அந்த ஒற்றைப் பாடத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள். உங்கள் பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்டில் அது ‘மாற்றல் கிரெடிட்’ என்று ஒரு வரியாகத் தெரிந்தாலும், படித்த கல்லூரியிலிருந்தே தனி டிரான்ஸ்கிரிப்ட் போக வேண்டும். போகாவிட்டால் விண்ணப்பம் முழுமையடையாமல் அப்படியே தொங்கும். பதிவில் பிழை நிறைய இருந்தால் திருத்தச் சொல்லி உங்களிடமே திரும்பி வரும். திருத்தி அனுப்பினால் சரிபார்ப்பு வரிசையில் மறுபடியும் காத்திருக்க வேண்டும்.

கிரேடு சராசரியும் இங்கே வேறு மாதிரி வரும். உடற்கூறியலில் முதலில் ‘டி’ (1 புள்ளி), திரும்ப எடுத்து ‘ஏ’ (4 புள்ளி), இரண்டும் நான்கு கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். பழைய கிரேடை மன்னித்துவிடும் பல்கலைக்கழகம் இதை 4.0 என்று கணக்கிடும். ஏ.டி.காஸ் இரண்டையும் சேர்த்து எட்டுக் கிரெடிட்டுக்கு 2.5 என்று போடும். குறைந்தபட்சம் 3.0 கேட்கும் படிப்புக்கு 3.1 இருக்கிறதே என்று விண்ணப்பித்தவர், தளத்தின் கணக்கில் 2.9 ஆவது இப்படித்தான். பணம் கட்டும் முன் நீங்களே ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கெடு தேதியிலும் மூன்று வகை உண்டு. சில படிப்புகளுக்கு அன்றைக்குள் சமர்ப்பித்தால் போதும். சிலவற்றுக்கு டிரான்ஸ்கிரிப்ட், கட்டணம், பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். சிலவற்றுக்குச் சரிபார்ப்பே முடிந்திருக்க வேண்டும், அதற்கு மட்டும் பத்து வேலை நாட்கள் வரை ஆகலாம். டிசம்பர் 1 கெடு என்றால் நவம்பர் இறுதியில் வரும் நன்றி தெரிவித்தல் விடுமுறை குறுக்கே நிற்கும் என்பதையும் சேர்த்து, அக்டோபர் இறுதிக்குள் அனுப்பிவிடுவதே நல்லது. இடம் இருக்கிறவரை வருகிற வரிசையில் சேர்க்கும் படிப்புகளும் பல. அங்கே கெடுவுக்கு முந்தைய நாள் என்பதே தாமதம்தான்.

வெளிநாட்டுப் பட்டம் இருந்தால் பாடவாரி மதிப்பீட்டுச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலை) முடித்து வருபவர்களுக்கு உடற்கூறும் உடலியலும் தாராளமாக இருக்கும். பொது வேதியியலும் இயற்பியலும் பெரும்பாலும் தனித்தாளாக இருக்காது. பிளஸ் டூவில் படித்ததைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். பல்கலைக்கழகம் முத்திரையிட்டு அனுப்பும் டிரான்ஸ்கிரிப்டுக்கு மாதக்கணக்கில் அலைய நேரலாம் என்பதால் முதல் வேலையாக அதைத் தொடங்குங்கள்.

நேரில் பார்த்துக் கற்ற மணி நேரங்களைச் சில படிப்புகள் கட்டாயமாக்கும், சில கேட்பதே இல்லை. கேட்கும் இடங்களில் அவை சான்றிதழ் பெற்ற அத்லெடிக் டிரெய்னரின் கீழ் இருக்க வேண்டும். பிசியோதெரபி கிளினிக்கில் நூறு மணி நேரம் இருந்தாலும் இந்தக் கணக்கில் சேராது. தேதி, நேரம், இடம், கையெழுத்து, அவருடைய சான்றிதழ் எண் ஆகியவற்றை அன்றன்றைக்கே வாங்குங்கள். பருவம் முடிந்து அவர் வேறு பள்ளிக்கு மாறிவிட்டால் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. கிளினிக்கைவிட உயர்நிலைப் பள்ளியின் ஆகஸ்ட் மாத அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சி நல்ல இடம். அங்கே ஓரமாக ஒரு பெரிய தொட்டியில் பனிக்கட்டித் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள். கடும் வெப்பத்தாக்கு வந்தவரை ஆம்புலன்ஸில் ஏற்றும் முன் அதில் முக்க வேண்டும். மலக்குடல் வெப்பநிலை 40.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனவரை 38.9 வரை இறக்கிய பிறகே அனுப்புவார்கள். ‘முதலில் குளிர்விப்பு, பிறகு போக்குவரத்து’ என்ற இந்த விதியின் காரணத்தை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நேர்முகத்தில் இப்படி ஒன்றை விளக்கத் தெரிந்தவர் உடனே தனியாகத் தெரிவார்.

கட்டுரையில் ‘சிறு வயதிலிருந்தே விளையாட்டு பிடிக்கும், முழங்கால் தசைநார் கிழிந்தது, அதனால் இத்துறை’ என்பது தேய்ந்த பாதை. காயத்துக்கு இரண்டு வரி போதும். மீதி இடத்தில் அத்லெடிக் டிரெய்னர் செய்த வேலை ஒன்றை, எதற்காக அப்படிச் செய்தார் என்பதோடு எழுதுங்கள். கடிதங்களில் ஒன்று அத்லெடிக் டிரெய்னரிடமிருந்தும் ஒன்று அறிவியல் பேராசிரியரிடமிருந்தும் வந்தால் நலம். தளத்திலிருந்து போகும் கோரிக்கை ஸ்பாமில் விழுவது சகஜம் என்பதால், அனுப்பிய அன்றே நேரிலும் சொல்லிவிடுங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்பதே வழக்கம். நேர்முகத்தில், ‘தலையில் அடிபட்டவரை ஆட விடு என்று கோச் வற்புறுத்தினால்?’ என்ற வகைக் கேள்விக்குத் தயாராக இருங்கள். கோச்சிடம் அனுமதி கேட்கும் பதில் தவறு. மருத்துவ முடிவு உங்களுடையதும் உங்களை வழிநடத்தும் மருத்துவருடையதும்தான்.

இடம் கிடைத்ததும் தடுப்பூசிப் பட்டியல் வரும். ஹெபடைடிஸ் பி வழக்கமான மூன்று தவணைக்கு 0, 1, 6 மாதம் என்பது கணக்கு. பல படிப்புகள் மே, ஜூனிலேயே தொடங்குவதால், ஏற்கெனவே போடாதவர் நவம்பர் தொடக்கத்துக்குள் முதல் ஊசி போட்டிருக்க வேண்டும். காசநோய்க்கான தோல் சோதனையை ஒன்று முதல் மூன்று வார இடைவெளியில் இருமுறை கேட்கலாம். இந்தியாவில் பிறந்து பி.சி.ஜி. போட்டவருக்குத் தோல் தடித்து, நோய் இல்லாமலே ‘பாசிட்டிவ்’ வரக்கூடும். பிறகு எக்ஸ்ரே, கடிதம் என்று இழுக்கும். முதலிலேயே இரத்தப் பரிசோதனையை ஏற்பீர்களா என்று கேட்டுவிடுங்கள். சி.பி.ஆர். சான்றிதழும் சுகாதாரப் பணியாளர் நிலையில் இருக்க வேண்டும். பொம்மையின் மார்பை அழுத்திக் காட்டாமல் ஆன்லைனில் மட்டும் முடித்ததை ஏற்பதில்லை.