புகை நாட்களில் பூத்

ஜூன் 3
காட்டுத்தீப் புகை குறையவில்லை. கிளம்பச் சொன்னால் எடுத்துப்போக, பெட்டி வாசலிலேயே இருக்கிறது.

ஜூன் 4
கனடாவின் ஒட்டாவா நகரத்து மர வியாபாரி ஜான் ருடால்ஃபஸ் பூத் 1867இல் ஏலத்தில் எடுத்த ஈகன் காடு, மடவாஸ்கா ஆற்றுப் பக்கம், 250 சதுர மைல். 45,000 டாலர். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு 28 சென்ட். காட்டையே வாங்கிவிட்டார் என்று சொல்கிறார்கள், தவறு. மண் அரசுடையது. பைன் வெட்டிக்கொள்ளும் உரிமம்தான் அவருக்கு. வெட்டிய மரத்துக்குத் தீர்வை தனி. அப்படியானால் மரம் நிற்கும் வரைதான் உரிமத்துக்கு மதிப்பு. ஒரு கோடைத் தீ போதும், கையில் காகிதம் மட்டும் மிஞ்சும்.

ஜூன் 5
சதுரக் கட்டை. மரத்தைச் சாய்த்து, கிளை கழித்து, கோடு விழும் இடத்தில் மட்டும் பட்டையை உரிக்க வேண்டும். பிறகு நூல் அடிப்பது. நம் ஆசாரி அடிப்பது போலவேதான். முதல் ஆள் சாதாரணக் கோடரியால் இடைவெளி விட்டு விட்டுக் கோடு வரை வெட்டு வைத்து, நடுவில் நிற்கும் துண்டுகளைச் சிதைத்து எடுப்பான். பின்னால் வருபவன் அகலக் கோடரியால் இழைத்தது போலச் சமமாக்குவான். முதல் ஆளின் வெட்டு கோட்டைத் தாண்டி ஆழமாகப் போனால் அந்தத் தழும்பு கட்டையிலேயே நின்றுவிடும், விலை இறங்கும்.

சதுரம் எதற்கு? கப்பலின் வயிற்றில் இடைவெளி இல்லாமல் அடுக்க. அதற்காக மரத்தின் கால் பங்குக்குமேல் காட்டிலேயே சிதறிக் கிடந்தது. பைன் சிராய், பிசினோடு. அது ஒரு கோடையில் காய்ந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இதைத்தான் நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 6
காற்று மேற்கிலிருந்து.

ஜூன் 7
தெப்பம். இரண்டு பக்கமும் உருண்டை மிதவை மரம், அவற்றின்மேல் குறுக்குச் சட்டங்கள், மர முளை அடித்து இறுக்கியது. சதுரக் கட்டைகள் உள்ளே கிடக்கும். மேலே ஏற்றிய சில கட்டைகளின் பாரம் எல்லாவற்றையும் அமுக்கிப் பிடிக்கும். விற்கும் கட்டையில் துளை விழக்கூடாது. அதனால்தான் இந்த ஏற்பாடு. அழகான வேலை.

ஒட்டாவா ஆற்றின் ஷோடியே அருவியில் தெப்பம் இறங்கினால் சிதறிவிடும். 1829இல் ரகிள்ஸ் ரைட் என்ற மர வியாபாரி, ஒட்டாவாவுக்கு எதிர்க்கரையான ஹல் பக்கமாக ஒரு மரச் சறுக்கு கட்டினார். அகலம் சுமார் 26 அடி. தெப்பத்தின் அகலத்தை அதுதான் முடிவு செய்தது. பல தெப்பங்களைப் பிணைத்த பெரிய கூட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாகச் சறுக்கிவிட்டு, கீழே மறுபடி பிணைத்து கியூபெக் நோக்கிப் போவார்கள். ஒட்டாவா ஆற்றில் கடைசியாக 1908இல் போன சதுரக் கட்டைக் கூடு பூத்துடையது.

ஜூன் 8
தூக்கம் இல்லை. பலகை அடுக்கைப் பற்றியே யோசனை.

ஈரப் பலகை காய வேண்டும் என்றால் வரிசைக்கு வரிசை குறுக்குக் கட்டை வைத்து அடுக்க வேண்டும். கட்டைகள் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்று நிற்காவிட்டால் பலகை வளையும். இடைவெளி போதாவிட்டால் பூஞ்சை பிடித்து நீலம் பாயும். ஆக, நல்ல அடுக்கு என்பது காற்று நன்றாக ஓடும் அடுக்கு. தீ பிடித்தால் அதுவே புகைபோக்கி! காய்வதற்கு விட்ட வழியெல்லாம் எரிவதற்கும் வழி. அடுக்குகளுக்கு நடுவே அகலமான வெற்றிடம் விட்டால் பிழைக்கலாம், ஆனால் இரயில் தண்டவாளத்துக்கு அருகே நிலம் யாரிடம் அவ்வளவு இருக்கிறது?

1900 ஏப்ரல் 26. ஹல்லில் ஒரு வீட்டுப் புகைபோக்கியில் தொடங்கியது. காற்று கடுமை. ஆற்றையே தாண்டி ஒட்டாவாவுக்கு வந்தது. பூத்தின் பலகை வாடி போனது, ஆலை தப்பியது. அவர் தொழிலுக்கு வந்த புதிதில் வாடகைக்கு எடுத்த கூரை ஓட்டுப் பலகை ஆலையும் சில மாதத்தில் எரிந்ததுதான். இத்தனை பார்த்தும் அதே இடத்தில் மறுபடி அடுக்கினார். எனக்கு அது புரியவும் செய்கிறது. அருவியும் தண்டவாளமும் அங்கேதானே இருந்தன.

ஜூன் 9
1892இல் ஷோடியே ஆலையில் 14 கோடி போர்டு அடி. பன்னிரண்டு போர்டு அடி ஒரு கன அடி. நம் மரவாடிக் கணக்கில் 1 கோடியே 16 லட்சம் கன அடிக்கு மேல். மரத்தூளெல்லாம் ஆற்றில். படகு வாடகைக்கு விடும் ரத்தே என்பவர் வழக்குப் போட்டார், லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1890இல் அவர் பக்கம் நின்றது. நல்ல தீர்ப்பு.

ஜூன் 11
தீ எச்சரிக்கை நீடிக்கிறது.

பெரிய பைன் தீர்ந்த பிறகு ஒல்லி ஸ்புரூஸ். பலகைக்கு உதவாது, கூழுக்கு உதவும். பூத் காகிதத்துக்குத் திரும்பியபோது வயது எண்பதை நெருங்கிவிட்டது. செய்தித்தாள் காகிதத்தில் முக்கால் பங்கு கல்லில் அரைத்த கூழ், மீதி அமிலத்தில் வேகவைத்த சல்ஃபைட் கூழ். அரைத்த கூழில், மர நாரைப் பிணைக்கும் லிக்னின் அப்படியே இருக்கும். மலிவு, ஆனால் வெயிலில் மஞ்சளாகும், நார் குட்டை. இழுவைக்குத்தான் சல்ஃபைட் நார். கந்தகத்தை எரித்து, அந்தப் புகையைச் சுண்ணாம்புக்கல் கோபுரத்தில் தண்ணீரோடு சேர்த்து அமிலம் எடுப்பது. வேகவைக்கும் கலனுக்குள் அமிலம் தாங்கும் செங்கல் பூச்சு. அதில் ஒரு இணைப்பு விட்டால் கலனின் இரும்புச் சுவரை அமிலம் தின்னத் தொடங்கும், வெளியே தெரிய நாளாகும்.

ஜூன் 12
பூத்தின் மனைவி ரோசலிண்டா குக். 1853இல் திருமணம், எட்டுப் பிள்ளைகள், 1886இல் மறைவு. மர அளவு அங்குலம் அங்குலமாகக் கிடைக்கிறது. அவளைப் பற்றி இந்த ஒரு வரிதான். மனசு கேட்கவில்லை.

பேத்தி லோயிஸ் 1924 பிப்ரவரி 11இல் டென்மார்க் இளவரசர் எரிக்கை ஒட்டாவாவில் மணந்தாள். இளவரசர் அரியணை உரிமையை விட்டுக்கொடுத்தார். தாத்தாவுக்கு அப்போது 96. அடுத்த ஆண்டு டிசம்பர் 8 வரை இருந்தார்.

ஜூன் 13
காலையில் முன்வாசல் படியில் சாம்பல், விரல் நகம் அளவுக்கு. பைன் ஊசி ஒன்று கரியாகி, முறியாமல் அப்படியே கிடந்தது. தொட்டதும் பொடிந்தது.

கேன்வாஸ் பையில் ஏடுகளை எடுத்து வைத்தாயிற்று. ஈகன் ஏலத்துக்குப் பணம் கொடுத்த வங்கியைப் பற்றி நாளை