நாலு வருஷம் கழித்துத் திரும்பி வந்த பல் செட்

பல் செட் செய்யும் லேபில் வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. நாங்கள் செய்து அனுப்பும் செட் நல்லபடியாக இருந்தால் அதை மறுபடி பார்க்கவே மாட்டோம். போன மாதம் ஒன்று திரும்பி வந்தது. நாலு வருஷத்துக்கு முன் நான் செய்த மேல் செட். கூடவே அதைப் போட்டிருந்த அம்மாவும் வந்திருந்தார். லேப் இருப்பது கிளினிக்கின் மாடியில்தான்.

லென்ஸ் விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தேன். முன்பக்கம் பளபளப்பு ஓரளவு இருந்தது, ஓரங்கள் வெளிறியிருந்தன. கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் மட்டும் பழுப்புக் கோடுகள், எல்லாம் ஒரே திசையில். அது உப்புத்தாள் போன திசை. அன்றைக்கு அந்த மூலைக்கு பஃப் (பாலிஷ் போடும் துணிச் சக்கரம்) எட்டவில்லை, நானும் பிரஷ் வீலை (முடி வைத்த சின்னச் சக்கரம்) மாட்டித் தேய்க்காமல் விட்டிருக்கிறேன். நான் விட்ட கீறல் ஒவ்வொன்றிலும் நாலு வருஷத்து டீயும் வெற்றிலையும் உட்கார்ந்திருந்தன.

வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹீட் க்யூர் அக்ரிலிக்கை, அதாவது சூட்டில் இறுகும் பிளாஸ்டிக்கை, 74 டிகிரியில் 2 மணி நேரம், அப்புறம் 100 டிகிரியில் 1 மணி நேரம் வேக வைப்போம். ஃப்ளாஸ்க்கை (அச்சு இருக்கும் உலோகப் பெட்டி) திறந்து எடுத்ததும் பர் (சுழலும் சின்ன வெட்டுமுனை) போட்டு ட்ரிம்மிங், உப்புத்தாள், ஈரப் ப்யூமிஸ் (எரிமலைக் கல் பொடி), கடைசியில் ஷைன். ஈறில் படியும் உள்பக்கத்தை மட்டும் தேய்ப்பதில்லை, தேய்த்தால் பிடிப்பு போய்விடும். மேற்பரப்பின் சொரசொரப்பு சராசரியாக 0.2 மைக்ரானைத் தாண்டினால் கிருமி படிவது கூடும் என்கிறார்கள். தலைமுடியின் தடிமனில் இது சில நூறில் ஒரு பங்கு. விரலில் தடவினால் தெரியாத கீறலே கேண்டிடா பூஞ்சைக்குப் போதும். செட்டுக்கு அடியில் அண்ணம் சிவந்து போவதற்கு அது பெரிய காரணம்.

ப்யூமிஸ் ஈரமாக இருக்க வேண்டும் என்பதை நான் கற்றது ஒரு தப்பில். சேர்ந்த புதிதில், அவசர வேலை என்று காய்ந்த பஃப்பில் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தேன். கருகின வாடை லேசாக வந்தது. மறுநாள் அந்த செட் ஆடுகிறது என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். அக்ரிலிக்குக்குள் இறுகியிருந்த அழுத்தம் சூட்டில் தளர்ந்து செட் வளைந்துவிட்டது. “வாடை வந்தா உடனே கையை எடுடா” என்றார் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த அண்ணன். இன்றும் பாலிஷ் சக்கரம் சுழலும் லேத்தில் நிற்கும்போது மூக்குதான் எனக்கு முதல் கருவி.

வாய்க்குள் போன பிறகு தண்ணீரின் வேலை தொடங்குகிறது. அக்ரிலிக் மெதுவாகத் தண்ணீரைக் குடிக்கும், கொஞ்சம் இளகும். காயவிட்டு நனைத்து, காயவிட்டு நனைத்து என்று போனால் நூல் நூலாக வெடிப்பு விழும். வாயில் சூடும் குளிர்ச்சியும் மாறுவது என்ன செய்யும் என்று பார்க்க, ஆராய்ச்சிக்கூடத்தில் துண்டுகளை 5 டிகிரித் தண்ணீரிலும் 55 டிகிரித் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்குவார்கள். சுமார் 10,000 தடவை முக்கினால் வாயில் ஒரு வருஷத்துக்குச் சமம் என்று கணக்கு. வளைகிற நைலான் செட்டை இன்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பாலிஷ் போடும்போது அது ஓரத்தில் நார் நாராகப் பிரியும், அக்ரிலிக் அளவுக்குப் பளபளப்பு ஏறாது. கேட்கிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

அந்த அம்மாவிடம் எப்படிக் கழுவுகிறீர்கள் என்று கேட்டேன்.

“பல்பொடி போட்டு நல்லா அழுத்தித் தேய்ப்பேன் தம்பி. ராத்திரி கொதிக்கிற தண்ணியில போட்டு வைப்பேன். அப்பத்தானே கிருமி சாகும்?”

ஓரங்கள் வெளிறியிருந்தது அதனால்தான். பொடியில் இருக்கும் மணல் போன்ற துகள் பளபளப்பைச் சுரண்டும், கொதிநீர் நிறத்தையும் வடிவத்தையும் கெடுக்கும். அவர் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செட் கொடுத்த அன்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பிரஷ் வீலை மாட்டி, ப்யூமிஸை நன்றாக நனைத்து, அந்த மூலையில் மட்டும் அரை மணி நேரம் நின்றேன். கோடு போனது. வெளிறல் போகவில்லை, அது போகாது என்று அவரிடம் சொன்னேன். இப்போது ஒவ்வொரு செட்டோடும் ஒரு சீட்டு எழுதி வைக்கிறேன்: மெல்லிய பிரஷ், குளியல் சோப்பு, ராத்திரி பச்சைத் தண்ணீர்.