சைக்கிள் மேல் விழுந்த பழி

நோயியல் பிரிவில் இருப்பவர்கள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பது அபூர்வம். எங்களிடம் வருவது ஃபார்மலினில் மிதக்கும் சதைத்துண்டும், கூடவே சர்ஜன் கிறுக்கி அனுப்பும் சீட்டும்தான். அந்தச் சீட்டை நம்பி ஒருமுறை கெட்டிருக்கிறேன்.

பெண்ணுக்கு 13 வயது. சைக்கிளில் விழுந்து ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியிருக்கிறது. ஸ்கேனில் கணையத்தின் வால்பக்கம் ஆரஞ்சுப்பழம் அளவுக்குக் கட்டி. ‘அடிபட்டதால் வந்த போலி நீர்க்கட்டி’ என்று சீட்டு சொன்னது. கணையத்தில் அடிபட்டால் சாறு கசிந்து தேங்கி அப்படி வருவது உண்டு. பிள்ளைகளுக்கு ஹேண்டில்பார் அதற்குப் பேர்போன காரணம். சில வாரம் பொறுத்து, கட்டியை இரைப்பையோடு இணைத்து வடியவிட்டு, சுவரில் ஒரு துண்டு அனுப்பியிருந்தார்கள்.

ஸ்லைடில் பழைய ரத்தக்கசிவு, நுரைத்த மேக்ரோஃபேஜ்கள் (சிதைவை விழுங்கும் துப்புரவு செல்கள்), கொலஸ்டிரால் கரைந்துபோன ஊசி வடிவ இடைவெளிகள், நார்த்திசு. சீட்டுக்குப் பொருந்தியது. கையெழுத்துப் போட்டேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா, சந்தேகம்தான்.

எட்டு மாதம் கழித்து போன் வந்தது. கட்டி வடியவில்லை, வளர்ந்திருக்கிறது. பழைய ஸ்லைடை மறுபடி எடுத்து வைத்தேன். ஓரத்தில், மெல்லிய ரத்தக்குழாய் ஒன்றைச் சுற்றி, பூவிதழ் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு கொத்துச் செல்கள். முதல் தடவையும் அங்கேதான் இருந்திருக்கும்.

சீட்டையும் தேடி எடுத்தேன். விழுந்த மூன்றாம் நாள் எடுத்த ஸ்கேனிலேயே ‘தடித்த உறை’ என்று எழுதியிருந்தது. போலி நீர்க்கட்டிக்குச் சுவர் கட்ட நாலு வாரமாவது வேண்டும். மூன்று நாளில் யார் கட்டியது? கட்டியின் நீரில் கணையச் சாற்றின் நொதியான அமிலேஸ் இருக்கிறதா, பார்த்தீர்களா என்றாவது கேட்டிருக்கலாம். சீட்டை நம்பிக் கெட்டேன் என்கிறேனே, ஒழுங்காகப் படித்திருந்தாலும் தப்பித்திருப்பேன்.

இம்முறை கணைய வாலோடு முழுசாக எடுத்து அனுப்பினார்கள். வெட்டியதும் கத்தியோடு வழிந்தது சாக்லேட் நிறத்தில் ரத்தமும் சிதைந்த திசுவும். இந்தக் கட்டியின் செல்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளாது. ரத்தக்குழாயை ஒட்டியவை பிழைக்கும், தள்ளியிருப்பவை உதிரும். உதிர்ந்த இடத்தில் ரத்தம் தேங்கி நீர்க்கட்டி வேஷம் கட்டும். 1959ல் அமெரிக்காவின் வர்ஜீனியா ஃபிரான்ட்ஸ் விவரித்ததால் ஃபிரான்ட்ஸ் கட்டி என்றும் சொல்வோம். இன்றைய பெயர் சாலிட் சூடோபாப்பில்லரி நியோபிளாசம். பருவ வயதுப் பெண்கள், இளம்பெண்கள் இவர்களுக்கே அதிகம் வரும். முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் குணம்தான். எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது.

உறுதி செய்ய பீட்டா கேட்டனின் என்ற புரதம் செல்லில் எங்கே இருக்கிறது என்று காட்டும் சாயம் வேண்டும். எங்களிடம் அது கிடையாது. திசுவை மெழுகில் பதித்த பிளாக்கை வெளியூர் லேபுக்குக் கூரியரில் அனுப்பிவிட்டு ஒன்பது நாள் காத்திருந்தேன். செல்லின் சவ்வில் நிற்க வேண்டிய பழுப்பு நிறம் நியூக்ளியஸுக்குள் ஏறியிருந்தது. இதை மட்டும் வைத்தும் முடிவு கட்ட முடியாது. சின்னப் பிள்ளைகளுக்கு வரும் பான்கிரியாட்டோபிளாஸ்டோமா என்ற கணையப் புற்றிலும் அங்கங்கே திட்டுத்திட்டாக இதே நிறம் ஏறும். அதை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. 4 வயதுப் பையன், ஈரல் கட்டி என்று வந்தது. ஈரல் புற்றில் கூடும் ஏ.எஃப்.பி. என்ற புரதம் ரத்தத்தில் ஏறியிருந்ததால் எல்லோரும் ஈரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போதெல்லாம் ஸ்லைடை முதலில் பார்க்கிறேன், சீட்டை அப்புறம், பிறகு மறுபடி ஸ்லைடை. பி.ஜி. மாணவர்களுக்கு எரிச்சல்தான்.

ரிப்போர்ட் வாங்க அந்தப் பெண்ணின் அப்பா வந்திருந்தார். முதல் ரிப்போர்ட் தப்பு, அது என் தப்பு என்று சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“சைக்கிள்ல விழுந்ததாலதானே சார் வந்துச்சு?”

“இல்லீங்க. முன்னாடியே உள்ள இருந்திருக்கு. விழுந்ததாலதான் வெளிய தெரிஞ்சுச்சு.”

கொஞ்ச நேரம் ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கே பழைய இரும்புக்காரர்ட்ட போட்டுட்டேன் சார். 800 ரூவாய்க்கு.”