பக்கவாதம்: வீடியோவில் டாக்டர் வருவதற்கு முன்

கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறைப் பக்கம் சிடி ஸ்கேன் உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளி படுத்திருக்கிறார். நரம்பியல் டாக்டர் வேறு ஊரிலிருந்து வீடியோவில் பார்த்து, மூளைக்குப் போகும் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்று முடிவு சொல்கிறார். டெலிஸ்ட்ரோக் என்பது இதுதான். கேமரா வாங்கி மாட்டுவது பெரிய காரியமில்லை. கட்டிலருகே நடக்கும் வேலை பிசகினால் கேமராவால் பயனில்லை.

முதலில் நேரம். ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. ஆள் விழுந்து கிடந்ததைக் கண்ட நேரத்திலிருந்து அல்ல, கடைசியாக நல்லபடியாக இருந்ததை ஒருவர் பார்த்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். நம் மாவட்டத்தில் இங்கேதான் அதிகம் தவறும். அதிகாலை 3 மணிக்கு ரப்பர் பால்வெட்டப் போனவரை 7 மணிக்கு ரப்பர் மரத்தடியில் கண்டால், கேஸ் ஷீட்டில் '7 மணி' என்று எழுதிவிடுகிறார்கள். கூட வெட்டியவருக்கும் டீக்கடைக்காரருக்கும் உடனே போன் போடுங்கள். எந்த மரம் வரை புதுவெட்டு விழுந்திருக்கிறது என்பதும் ஒரு துப்பு.

அடுத்து சிடி. ரத்தக்கசிவு இல்லை என்று தெரிய, மருந்து ஏற்றாத தலை சிடி போதும். பிலிமை வெளிச்சத்தில் பிடித்து போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஆரம்ப மாற்றங்கள் அதில் மறைந்துபோகும். ஸ்கேன் மெஷின் தரும் மூலப்படமான டைகாம் கோப்பாகவே அனுப்புங்கள். 5 மில்லிமீட்டர் தடிமனில் 30 படம் என்றால் சுமார் 15 எம்பிதான்.

அதற்குள் விரல்நுனியில் சர்க்கரை பாருங்கள், 50க்குக் கீழே இறங்கினாலும் கைகால் விழும். எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல் நிறுத்துப் பாருங்கள். ஊசி போட, பிரஷர் 185/110க்குக் கீழ் இருக்க வேண்டும். அதற்காக நாக்குக்கடியில் மாத்திரை வைத்தால் சடாரென்று இறங்கி மூளைக்கு ரத்தம் குறையும். சிடிக்கு முன் ஆஸ்பிரின் வேண்டாம். வாயில் ஒரு மடக்குத் தண்ணீரும் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

வீடியோ பரிசோதனையில் டாக்டரின் கை நர்ஸ்தான். படுத்தவர் கையை 45 டிகிரி தூக்கி 10 விநாடி, காலை 30 டிகிரி தூக்கி 5 விநாடி, தாழ்கிறதா என்று கேமராவுக்குத் தெரியும்படி. படத்தைக் காட்டிப் பெயர் கேட்கும் அட்டையில் கையுறை, சாவி, கள்ளி, இறகு எல்லாம் வரும். நம்மூர்ப் பாட்டி சாவியைக் காட்டி 'தாக்கோல்' என்பார். சென்னை டாக்டர் சொல் வராத கோளாறு என்று மதிப்பெண் போட்டுவிடலாம். அது சரியான சொல்தான் என்று நர்ஸ் அங்கேயே சொல்ல வேண்டும்.

கட்டியைக் கரைக்கும் மருந்து இரண்டு. ஆல்டிப்ளேஸ் என்றால் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 54: அதில் 5.4 ஒரு நிமிடத்தில், மீதி 48.6 ஒரு மணி நேரத்தில். டெனெக்டிப்ளேஸ் கிலோவுக்கு 0.25, ஒரே ஊசி, 60 கிலோவுக்கு 15. ஆம்புலன்ஸில் டிரிப் ஓட வேண்டாம் என்பதால் எங்கள் விருப்பம் இதுவே.

பெரிய ரத்தக்குழாய் அடைப்பு என்று சந்தேகம் வந்தால், ஊசியில் குணம் தெரியட்டும் என்று காத்திராமல் கட்டியை உருவி எடுக்கும் வசதியுள்ள இடத்துக்குக் கிளப்புங்கள், திருவனந்தபுரமோ திருநெல்வேலியோ. வழியில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷர், 180/105க்கு மேல் போகாமல். படங்கள் முன்னதாகப் போய்ச் சேர்ந்திருக்கட்டும். ஆம்புலன்ஸில் கூட ஏறுகிறவர், அவரைக் கடைசியாக நல்லபடியாகப் பார்த்தவராக இருக்கட்டும்.