ஸ்டாக் ஏர் பாக்ஸா, கோன் ஃபில்டரா? ஒரே காரில் மாட்டி அளந்து பார்த்தேன்

என் கார் 1.5 லிட்டர் பெட்ரோல், டர்போ கிடையாது. இன்டேக்கை, அதாவது இன்ஜினுக்குக் காற்று போகும் பாதையை, மாற்றினால் பிக்கப் கூடும் என்று சொல்லாத ஆள் இல்லை. எவ்வளவு கூடும், எதனால் கூடும் என்று கேட்டால்தான் பேச்சு சத்தத்தின் பக்கம் போய்விடுகிறது. அதனால் காரோடு வந்த ஸ்டாக் ஏர் பாக்ஸ் (ஃபில்டர் உட்காரும் பெட்டி), அதற்குள்ளேயே உட்காரும் காட்டன் பேனல் ஃபில்டர், பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கும் கோன் ஃபில்டர் மூன்றையும் ஒரே காரில் மாற்றி மாற்றி மாட்டி அளந்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் கணக்கு. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தன் முழு கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 6000 ஆர்பிஎம்மில் 1.5 லிட்டர் இன்ஜினுக்கு அதிகபட்சம் நிமிடத்துக்கு 4500 லிட்டர், அதாவது நொடிக்கு 75 லிட்டர். அவ்வளவு காற்றும் ஒரு சின்ன வாய் வழியாக நுழைந்து, வளைந்து, ஃபில்டரைத் தாண்டி, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் திறக்கும் த்ராட்டிலுக்குப் போக வேண்டும். வழியில் இருக்கும் ஒவ்வொரு தடையும் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும். அந்த அழுத்த இழப்புதான் இன்டேக் கிட் (கோன் ஃபில்டரும் குழாயும் சேர்ந்த தொகுப்பு) விற்பவர்கள் மீட்டுத் தருவதாகச் சொல்லும் பவர். அதை நேராகவே அளந்துவிட முடியும், பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

நான் வைத்தது அழுத்த வித்தியாசத்தைத் தண்ணீர் மட்டத்தில் காட்டும் மானோமீட்டர். ஒளி ஊடுருவும் மெல்லிய குழாயை 'யு' வடிவில் ஒரு பலகையில் ஒட்டி, நடுவில் ஸ்கேல் வைத்து, சாயம் கலந்த தண்ணீரைப் பாதி வரை ஊற்றினேன். ஏர் பாக்ஸில் ஃபில்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சின்னத் துளை போட்டு நிப்பிள் மாட்டினேன். குழாயின் ஒரு முனை நிப்பிளில், மறுமுனை காருக்குள் திறந்தபடி. நடுவில் ஒரு காலி பாட்டில் கட்டாயம் வேண்டும். உறிஞ்சல் எகிறினால் தண்ணீர் அதில் விழட்டும், இன்ஜினுக்குள் போகக் கூடாது. பக்கத்து சீட்டில் நண்பர் பலகையை நிமிர்த்திப் பிடித்து மொபைலில் வீடியோ எடுத்தார். நான் ஆள் நடமாட்டமில்லாத நேர் சாலையில், வேக வரம்புக்குள், இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தி 6000 ஆர்பிஎம் வரை போனேன். கூடவே காரின் கணினியிலிருந்து அளவுகளைப் படிக்கும் ஓபிடி அடாப்டரில் ஆர்பிஎம், உள்ளே வரும் காற்றின் வெப்பம், மேஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) அளவு, இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) நான்கை மட்டும் பதிவு செய்தேன். ப்ளூடூத் அடாப்டர்கள் மெதுவானவை. பத்துப் பன்னிரண்டு அளவுகளைக் கேட்டால் ஒவ்வொன்றும் நொடிக்கு ஒரு தடவைகூடக் கிடைக்காது.

ஸ்டாக் பாக்ஸில் புது பேப்பர் ஃபில்டரோடு வந்த முடிவு எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம். ஃபில்டருக்குப் பின்னால் இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் 17 செ.மீ. போல வித்தியாசம். ஃபில்டருக்கு முன்னாலேயே 13 செ.மீ. அப்படியானால் எல்லாரும் திட்டும் பேப்பர் ஃபில்டரின் பங்கு வெறும் 4 செ.மீ.தான், மீதியெல்லாம் காற்று நுழையும் அந்த ஒடுங்கிய மூக்கிலும் அதன் வளைவிலும் போகிறது. தூசி ஏறிய பழைய ஃபில்டரை மாட்டிப் பார்த்தபோது அதன் பங்கு மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பானது.

இப்போது 17 செ.மீ. தண்ணீர் என்றால் என்னவென்று பாருங்கள். சுமார் 1.7 கிலோபாஸ்கல். வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல். இன்டேக்கை முழுவதும் கழற்றி எறிந்து தடையே இல்லாமல் செய்தால்கூட கிடைக்கக்கூடியது தோராயமாக ஒன்றே முக்கால் சதவீதம். 100 குதிரைத்திறன் உள்ள இன்ஜினில் இரண்டுகூட வராது. கிட் பெட்டியில் பத்து குதிரைத்திறன் கூடும் என்று அச்சடித்திருந்தால், அது உங்கள் இன்ஜினில் எங்கிருந்து வரும் என்று இந்த ஒரு அளவை வைத்தே கேட்கலாம்.

அடுத்து கோன் ஃபில்டர். மானோமீட்டரில் அதற்கு நல்ல மதிப்பெண்: மொத்த இழப்பே 5 செ.மீ. அளவுக்குள். ஆனால் அது இழுப்பது எந்தக் காற்று? ரேடியேட்டரைத் தாண்டி வந்து, எக்ஸாஸ்ட் பக்கம் சுற்றிக் கிடக்கும் காற்று. ஸ்டாக் பாக்ஸில் கார் ஓடும்போது உள்ளே போகும் காற்று வெளி வெப்பத்தைவிட நாலைந்து டிகிரிதான் கூட இருந்தது. கோனில் கொஞ்ச நேரம் நெரிசலில் ஊர்ந்தாலே வெளி வெப்பத்தைவிட 25 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. சென்சாரும் சூடாகியிருக்கும் என்பதால் உண்மையான காற்று அதைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கலாம், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் சுமார் 3 டிகிரி கூடினால் காற்றின் அடர்த்தி 1 சதவீதம் குறையும். அழுத்தத்தில் மீட்டது ஒன்றே கால் சதவீதம். 4 டிகிரி சூட்டிலேயே அது தீர்ந்துபோகிறது. போதாததற்கு, நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிப்பது) வராமலிருக்க இன்ஜினின் கணினியான ஈசியு இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளியதும் பதிவில் தெரிந்தது.

விடியற்காலையில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரில், 2500 முதல் 6000 ஆர்பிஎம் வரை ஏற எடுத்த நேரம் ஸ்டாக்குக்கும் கோனுக்கும் பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு ஒன்றாக இருந்தது. நெரிசலில் ஊர்ந்துவிட்டு உடனே எடுத்தால் கோன் தெளிவாகப் பின்தங்கியது. இதில் ஒரு ஒழுங்கைக் கடைசி வரை விடவில்லை: முதலில் ஸ்டாக், பிறகு கோன், மறுபடியும் ஸ்டாக். சாலையின் இரு திசையிலும். வெயில் ஏறினாலே எண்கள் நகரும். கடைசியில் மறுபடி ஸ்டாக்கை மாட்டி முதல் எண் திரும்ப வருகிறதா என்று பார்க்காத ஒப்பீட்டை நான் நம்புவதில்லை. காரை நிற்கவைத்தே பவரை அளக்கும் டைனோ முடிவுகளிலும் இதைக் கவனியுங்கள். பானெட்டைத் திறந்து, எதிரே பெரிய ஃபேன் வைத்து ஓட்டினால் கோன் ஃபில்டருக்குச் சாலையில் கிடைக்காத குளிர்காற்று அங்கே கிடைக்கிறது.

சத்தம் வேறு கதை. கோன் மாட்டிய அன்று நண்பர், "டேய், வண்டி பறக்குதுடா, சீட்டோட அழுத்துது" என்றார். அதே ஓட்டத்தின் பதிவு ஸ்டாக்கோடு அச்சாகப் பொருந்தியது. அவர் பொய் சொல்லவில்லை. காதுக்கு அப்படித்தான் இருக்கும். ஸ்டாக் குழாயில் பக்கவாட்டில் தொங்கும் வெற்று டப்பா ஒன்று இருக்கும். பார்த்தால் வேலையில்லாத பிளாஸ்டிக் மாதிரி தெரியும். அது ஹெல்ம்ஹோல்ட்ஸ் ரெசொனேட்டர், குறிப்பிட்ட அலைவரிசையில் வரும் இன்டேக் இரைச்சலை விழுங்குவதற்காக வைத்தது. கிட் மாட்டும்போது அது போய்விடும், உறுமல் உள்ளே கேட்கும். அந்த உறுமல் பிடித்திருந்தால் அதற்காகவே மாட்டுங்கள், அதில் தவறே இல்லை.

எனக்கு உண்மையில் கவலை கொடுத்தது கிட்டோடு வந்த குழாய். மேஃப் சென்சார் உட்காரும் இடத்தில் ஸ்டாக் குழாயின் உள்விட்டம் வெர்னியரில் 63 மி.மீ., கிட் குழாயில் 65. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். குறுக்குப் பரப்பு 6 சதவீதம் கூடிவிட்டது. சென்சார் தன் கம்பியைத் தொட்டுப் போகும் காற்றை வைத்துத்தான் மொத்தக் காற்றைக் கணிக்கிறது. குழாய் அகன்றால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், ஈசியு பெட்ரோலைக் குறைவாகத் தெளிக்கும். நிதானமாக ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பிடித்து எடையில் காற்று 14.7-க்கு பெட்ரோல் 1 என்ற கலவைக்குத் திருத்திவிடும். என் லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் (ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) சில நாளில் பிளஸ் பக்கம் 6, 7 சதவீதத்துக்கு ஏறி நின்றது அந்தத் திருத்தம்தான். முழு ஆக்சிலரேட்டரில் பல கார்களில் அந்த உடனடித் திருத்தம் கிடையாது. அங்கே கலவை மெலிந்தால் இன்ஜினுக்கு ஆபத்து. கிட் மாட்டியவர்கள் ஃப்யூல் ட்ரிம்மை ஒரு வாரம் கழித்து அவசியம் பாருங்கள்.

பேனல் ஃபில்டரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பேப்பரின் 4 செ.மீ. இழப்பை 3 ஆக்கியது. கழுவி மறுபடி எண்ணெய் போட்டுப் பயன்படுத்தலாம் என்பது வசதி. எண்ணெயை அள்ளிப் பூசினால் மேஃப் கம்பியில் படியும், கவனம்.

மைலேஜ் கூடுமா என்று கேட்பவர்களுக்கு: பெட்ரோல் காரில் சீராகப் போகும்போது த்ராட்டில் பாதிகூடத் திறந்திருக்காது. அதுவே பெரிய தடை. அதற்கு முன்னால் இருக்கும் சிறு தடையை எடுத்தால் ஒன்றும் மாறாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் வெளியிட்ட சோதனையில், அடைத்துப்போன ஃபில்டர்கூட நவீன பெட்ரோல் கார்களின் மைலேஜைக் குறைக்கவில்லை, வேகமெடுப்பதைத்தான் மந்தமாக்கியது. டர்போ இன்ஜின்களில் நிலைமை வேறு. ட்யூன் செய்து பூஸ்ட்டை (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏற்றியிருந்தால் டர்போவுக்கு முன்னால் உள்ள தடை நிஜமாகவே கழுத்தைப் பிடிக்கும். அங்கே நல்ல இன்டேக்குக்கு வேலை இருக்கிறது.

கடைசியில் என் காரில் தங்கியது ஸ்டாக் பாக்ஸும் பேப்பர் ஃபில்டரும்தான். மாற்றியது மூக்கை மட்டும்: உள்ளே ஒடுங்கியிருந்த துண்டுக்குப் பதில் அகலமான குழாய், அதன் வாயில் வெளிப்பக்கம் விரிந்த வழவழப்பான விளிம்பு, கிரில்லுக்குப் பின்னால் மேல்பக்கம் வைத்துக் கட்டினேன். பம்பருக்குக் கீழே இறக்கினால் தேங்கிய தண்ணீரை உறிஞ்சி இன்ஜினே உடையும். மொத்த இழப்பு 17-லிருந்து 10 செ.மீ.க்கு இறங்கியது, உள்ளே போகும் காற்றின் வெப்பம் ஏறவில்லை, ஃப்யூல் ட்ரிம் அசையவில்லை. நிப்பிள்கள் இரண்டும் ரப்பர் மூடி போட்டு அப்படியே இருக்கின்றன. இப்போது ஃபில்டரை எப்போது மாற்றுவது என்பதையும் அந்தத் தண்ணீர் மட்டத்தை வைத்தே முடிவு செய்கிறேன். ஃபில்டரின் பங்கு 8 செ.மீ. தொட்டால் புது ஃபில்டர் போட்டுவிடுவேன்.