லாலிஷ் மயிலும் நம்மூர் மயிலும்

சென்ற மாதம் எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா மகன் ஒரு படத்தை அனுப்பியிருந்தான். உயரமான பித்தளைத் தண்டு, அதன் நடுவே அடுக்கடுக்காகக் கிண்ணங்கள், உச்சியில் மயில் போல ஒரு பறவை. பார்த்தவுடன் நம் வீட்டுக் குத்துவிளக்கு என்றே எவருக்கும் தோன்றும். ஈராக்கின் மலைகளில் யசீதி என்ற பெயரில் வாழும் இவர்கள் முருகனை வழிபடும் பழந்தமிழர்கள் என்றும், அரபிகள் இவர்களை அழித்து வருகிறார்கள் என்றும், உண்மைத் தமிழன் இதைப் பத்துப் பேருக்கு அனுப்புவான் என்றும் படத்தின் கீழே எழுதியிருந்தது. மயிலாடுதுறைக்காரர்களுக்கு மயில் என்றாலே ஒரு தனிக் கிறக்கம் உண்டு. அம்பிகை மயில் உருக்கொண்டு சிவனை வழிபட்டாள் என்ற கதையிலிருந்துதான் எங்கள் ஊருக்கே பெயர் வந்தது. அரை மணி நேரத்துக்குள் குழுவில் வேல்களும் கூப்பிய கைகளும் குவிந்துவிட்டன. அவர்கள் தமிழர்கள் அல்லர் என்று நான் ஒரு வரி எழுதினேன். ‘அண்ணன் துபாய்ல இருந்தவரு, அரபிங்கள விட்டுக்குடுக்க மாட்டாரு’ என்று பதில் வந்தது. ஒரு வரியில் சொல்லி முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

நானும் 1994-இல் துபாய் போய் இறங்கியபோது, தலையில் துணியும் உடம்பில் வெள்ளை அங்கியும் உள்ள எல்லோரையும் அரபி என்றுதான் நினைத்தேன். டேய்ராவில் கட்டடச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை. எங்கள் அர்பாப், அதாவது முதலாளி, அந்நாட்டுக் குடிமகன். அங்கி, தலைத்துணி, பேச்சு எல்லாமே அரபு. ஆனால் மாலையில் பணக்கட்டுகளைத் தாமே எண்ணும்போது அவர் வாயில் வந்த எண்கள் எனக்குக் கடைத்தெருவில் பழகிய கம்ஸா, சப்ஆ, தமானியா அல்ல. ‘பஞ்ச், ஹஃப்த், ஹஷ்த்’ என்று எண்ணினார். கோயிலில் பஞ்ச, சப்த, அஷ்ட என்று கேட்டு வளர்ந்த காதுக்கு அது விசித்திரமாக இருந்தது. சில ஆண்டுகள் கழித்துத்தான், அவருடைய முன்னோர் வளைகுடாவின் மறுகரையில் தென் ஈரானைச் சேர்ந்த பஸ்தக் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பதும், துபாய்க் கழிமுகத்தின் ஓரத்தில் காற்றுக்கோபுரங்களோடு நிற்கும் பஸ்தகியா என்ற பழைய குடியிருப்புக்கு அந்தப் பகுதியின் பெயரே வைக்கப்பட்டது என்பதும் தெரிந்தன. ஈரான் வழியினர் என்றால் ஷியா என்று நான் அப்போது வைத்திருந்த கணக்கும் பொய்த்தது, அவர் சுன்னி.

அதே கடையின் கிடங்குப் பொறுப்பாளர் ஈராக்கின் சுலைமானியாவைச் சேர்ந்தவர். அரபு எழுதவும் பேசவும் நன்றாக அறிந்தவர். ஒருநாள் யாரிடமோ அவரை அரபி என்று நான் குறிப்பிட்டது காதில் விழுந்து, ‘நான் குர்து’ என்று முகம் இறுகச் சொன்னார். வளைகுடாவில் நம்மையெல்லாம் ‘ஹிந்தி’ என்றுதான் அழைப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவனுக்கு அந்தச் சொல் எந்த இடத்தில் குத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு எங்கே குத்தியது என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது.

அரபு, பாரசீகர், குர்து என்ற இந்த மூன்று பெயர்களும் முதலில் மொழியைக் குறிப்பவை. அரபு, எபிரேயமும் அரமேயமும் சேர்ந்த செமித்தியக் குடும்பத்தைச் சேர்ந்தது. பாரசீகமும் குர்து மொழியும் ஈரானியக் கிளையில் வருபவை; அந்தக் கிளை சமஸ்கிருதத்துக்கு நெருங்கிய உறவு. பாரசீகம் அரபு எழுத்தில் எழுதப்படுகிறது, அதில் அரபுச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன; ஆனாலும் அது அரபுக்குப் பிறந்த மொழி அன்று. வடசொற்கள் எத்தனை கலந்தாலும் தமிழ் சமஸ்கிருதத்தின் மகளாகாது என்பதை அறிந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். அரபு எழுத்தை எடுத்துக்கொண்ட பாரசீகர்கள் அதில் இல்லாத ப (p), ச (ch), க (g) போன்ற நான்கு ஒலிகளுக்குப் புதிய எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டார்கள். அரபியில் பகரம் இல்லாததால் ‘பார்ஸ்’ என்ற நாட்டுப் பெயர் ‘ஃபார்ஸ்’ ஆகி, மொழியும் ‘ஃபார்சி’ ஆயிற்று. ஃபகரம் இல்லாத நாம் அதை மறுபடி ‘பார்சி’ ஆக்கிவிட்டோம். குர்துகளோ ஒரே எழுத்தில்கூட இல்லை: ஈராக்கிலும் ஈரானிலும் வழங்கும் சொரானி என்ற வழக்கு அரபு வடிவ எழுத்திலும், துருக்கியிலும் சிரியாவிலும் வழங்கும் குர்மாஞ்சி என்ற வழக்கு லத்தீன் எழுத்திலும் எழுதப்படுகின்றன.

அரபும் பாரசீகமும் ஒட்டியிருப்பதைக் காண நம் தாலுகா அலுவலகத்துக்குப் போனாலே போதும். ‘தஹ்சில்’ என்ற அரபுச் சொல்லுக்குத் திரட்டுதல் என்று பொருள். ‘தார்’ என்பது ‘உடையவர்’ எனப் பொருள்தரும் பாரசீக விகுதி. இரண்டும் சேர்ந்தவர்தான் தாசில்தார். ஜமாபந்தியில் முன்பாதி அரபு, பின்பாதி பாரசீகம். ஜூலை 1-ஆம் தேதி தொடங்கும் பசலி ஆண்டு, அறுவடைப் பருவத்தைக் குறிக்கும் ‘ஃபஸ்ல்’ என்ற அரபுச் சொல். மகசூல், பாக்கி, வசூல், ரத்து எல்லாம் அரபு. சராசரி, சர்க்கார் பாரசீகம். கிஸ்தி கட்டிக்கொண்டே இவற்றைப் பேசும் நம் மிராசுதார்கள் யாரும் தங்களை அரபுகள் என்று எண்ணியதில்லை.

இனி மதம். குழப்பம் முழுவதும் இங்கேதான். நாகூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் எங்கள் குடியிருப்பில் தங்கியிருந்தார். ஒரு விடியற்காலை, இமாம் வராததால் சுலைமானியாக்காரர் தொழுகையை முன்நின்று நடத்தியிருக்கிறார். நண்பர் அறைக்குத் திரும்பியதும், ‘அண்ணே, இந்த குர்து ஆளு நம்ம ஊருல ஓதுற மாதிரியே குனூத் ஓதுறாருண்ணே’ என்று வியந்து சொன்னார். குனூத் என்பது தொழுகையில் நின்றபடி ஓதும் ஒரு வேண்டுதல்; ஷாஃபி வழியினர் அதை விடியற்காலைத் தொழுகையில் ஓதுவார்கள். காரணம் பிறகு தெரிந்தது. குர்துகளில் பெரும்பாலோர் சுன்னிகள், அவர்களுள் பெரும்பாலோர் சுன்னிகளின் நான்கு சட்ட வழிகளுள் ஒன்றான ஷாஃபி வழியினர். யேமன், ஹள்ரமவுத் கரைகளோடு கடல்வணிகம் செய்த நம் கடலோர மரைக்காயர்களும் ஷாஃபிகளே. உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் இன்னொரு வழியான ஹனஃபியைச் சேர்ந்தவர்கள். அஸர் தொழுகை நேரம் முதற்கொண்டு இரு தரப்புக்கும் சிறுசிறு வேறுபாடுகள் உண்டு. இரண்டு தரப்பையும் ‘பாய்’ என்ற ஒரே சொல்லில் அழைத்துப் பழகிய எனக்கு, நாகூர்க்காரரும் ஆயிரக்கணக்கான கல் தொலைவிலுள்ள ஒரு குர்துவும் ஒரே வழியைச் சேர்ந்தவர்கள் என்பது நம் ஊரைப் பற்றியே கிடைத்த புதிய செய்தியாக இருந்தது. இமாம் ஷாஃபி பிறந்தது காஸாவில். அவர் அடக்கமான கெய்ரோவில், அடக்கத்தலத்தின் அருகே ஒரு மதரஸாவை நிறுவியவர் சிலுவைப் போர்களில் புகழ்பெற்ற சலாஹுத்தீன் அய்யூபி. அவரும் குர்துவே.

அரபு என்றால் முஸ்லிம் என்பதும் சரிவராது. லெபனானில் அரசு ஏற்றுக்கொண்ட சமயப் பிரிவுகள் மட்டும் 18. அதிபர் மாரோனைட் கிறித்தவர், பிரதமர் சுன்னி, நாடாளுமன்றத் தலைவர் ஷியா என்பது 1943 முதல் அந்நாட்டு ஏற்பாடு. ட்ரூஸ்கள், அலவிகள், ஜோர்தானிலும் பாலத்தீனத்திலும் உள்ள ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் எனப் பட்டியல் நீளும். ஓமானில் வழங்கும் இபாதி வழி சுன்னியிலும் சேராது, ஷியாவிலும் சேராது. அரபு தேசியம் பேசிய பாத் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான மிஷேல் அஃப்லக், டமாஸ்கசின் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர்.

ஈரான் ஷியா நாடானதும் தொன்றுதொட்டு நிகழ்ந்தது அன்று. 1501-இல் சஃபாவிய ஷா இஸ்மாயில் அதை அரச சமயமாக்கும்வரை அங்கே சுன்னிகளே பெரும்பான்மை. இன்றும் யஸ்த், கெர்மான் நகரங்களில் மும்பைப் பார்சிகளின் சமயத்தாரான ஜொராஸ்ட்ரியர்களும், இஸ்ஃபஹானில் ஆர்மேனியக் கிறித்தவர்களும், யூதர்களும் வாழ்கிறார்கள். நாடாளுமன்றத்தில் இச்சிறுபான்மையினருக்கு ஐந்து இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஈரானிலேயே தோன்றிய பஹாயி சமயத்தாருக்கு அந்த ஏற்பும் கிடைக்கவில்லை. ஈரானியர் எல்லோரும் பாரசீகரும் அல்லர்: தப்ரீஸில் பேசப்படுவது துருக்கிய மொழியான அஸெரி, தென்மேற்கே குஸெஸ்தானில் இருப்பவர்களில் பலர் அரபுகள், அந்த அரபுகளுள் பெரும்பாலோர் ஷியாக்கள்.

1980 முதல் 1988 வரை நடந்த ஈரான் – ஈராக் போர் இந்தச் சிக்கலை நன்றாகக் காட்டும். குஸெஸ்தான் அரபுகள் தம் மொழிக்காரர்கள் என்பதால் தம் பக்கம் வருவார்கள் என்று சதாம் உசேன் எதிர்பார்த்தார். பெருந்திரளாக அவர்கள் வரவில்லை. ஈராக்கின் ஷியாக்கள் தம் சமயத்தார் என்பதால் எழுவார்கள் என்று ஈரான் எதிர்பார்த்தது. ஈராக்கியப் படையின் காலாட்களில் பெரும்பகுதியினர் ஷியா அரபுகளாகவே இருந்து போரிட்டார்கள். இரண்டு கணக்கிலும் அகப்படாமல் மிதிபட்டவர்கள் ஃபைலி குர்துகள். மொழியால் குர்து, சமயத்தால் ஷியா, பாக்தாதில் வணிகம் செய்தவர்கள். 1980-இல் அவர்களை ஈரானிய வழியினர் என்று சொல்லிக் குடியுரிமையைப் பறித்து, பல்லாயிரக்கணக்கில் எல்லைக்கு அப்பால் துரத்தினார்கள். போரின் இறுதியில், 1988 மார்ச் 16 அன்று, சுலைமானியாவுக்கு அருகிலுள்ள ஹலப்ஜா நகரின் மீது நச்சுவாயுக் குண்டுகள் விழுந்து சுமார் 5,000 பேர் இறந்தார்கள். எங்கள் கிடங்குப் பொறுப்பாளர் மார்ச் 21-ஆம் நாள் நவ்ரோஸ் என்ற புத்தாண்டுக்குக் கடை முழுவதும் இனிப்பு கொடுப்பார். அதற்கு ஐந்து நாள் முன்னர் அவர் எவரோடும் பேசாமல் இருந்ததன் காரணத்தை நான் கேட்டுக்கொண்டதில்லை. நாள்காட்டியைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

தங்கச் சந்தையில் பாஸ்ராவைச் சேர்ந்த ஒரு வெள்ளிக் கொல்லர் எனக்குப் பழக்கமானார். பேசுவது அரபு, ஆனால் முஸ்லிமும் அல்லர், கிறித்தவரும் அல்லர். மந்தேயர் என்னும் மிகச் சிறிய கூட்டத்தைச் சேர்ந்தவர். திருமுழுக்கு யோவானைத் தம் பெரிய ஆசானாகக் கொண்டவர்கள். மறைமொழி அரமேயத்தின் ஒரு வகை. சடங்குகளின் உயிர் ஓடும் நீரில் முழுகுவது. ஓடும் நீர் எதுவாயினும் அவர்களுக்கு ‘யர்தனா’. ஜோர்தான் ஆற்றின் பெயர்தான் அது. எங்கள் ஊரில் ஐப்பசி முழுவதும் துலாக்கட்டத்தில் காவிரி முழுக்கு நடக்கும் என்று சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, ‘தண்ணீர் ஓடுமா?’ என்பது. மேட்டூர் திறந்தால் ஓடும் என்றேன். அவருக்கு அது உடனே விளங்கியது. டைகிரிஸும் யூப்ரடீஸும் மேலே துருக்கியில் அணைகளுக்குள் கிடக்கின்றன. 2003 போருக்குப் பின் மந்தேயர்களில் பெரும்பாலோர் நாட்டை விட்டே போய்விட்டார்கள். சிட்னிக்குப் போனவர்கள் அங்கே நெப்பியன் ஆற்றில் முழுகுகிறார்கள். நாங்கள் இருவரும் ஆற்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். நீ எங்கள் ஆள் என்று அவர் என்னிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது யசீதிகளுக்கு வருகிறேன். ஒற்றுமைகள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வடக்கு ஈராக்கின் லாலிஷ் பள்ளத்தாக்கில் உள்ள அவர்களது தலத்துக்குள் செருப்பில்லாமல் போகிறார்கள், வாசற்படியை மிதிப்பதில்லை, எண்ணெயில் திரியிட்டு விளக்கேற்றுகிறார்கள், புத்தாண்டு ஏப்ரல் நடுவில், ஒரு புதன்கிழமையில் வருகிறது. ஆனால் அவர்களுடைய மயில் ஒரு கடவுளின் வாகனம் அன்று. இறைவன் உலகைக் காக்க ஒப்படைத்த ஏழு தேவதூதர்களின் தலைவரான தாவூசி மெலக்கின் வடிவம் அது. பாடல்கள் குர்மாஞ்சியில் உள்ளன. லாலிஷில் அடக்கமாகியிருக்கும் அவர்களின் பெருமகான் ஷேக் ஆதி, இன்றைய லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் பிறந்து 12-ஆம் நூற்றாண்டில் மறைந்தவர், அரபு வழியினர். குர்து மொழியில் வழிபடும் ஒரு சமூகம் தலைமேல் வைத்துப் போற்றுபவர் ஓர் அரபு. பஷீகா, பஹ்ஸானி ஊர்களில் உள்ள யசீதிகள் பேசுவதே அரபு.

ஈராக்கில் சதாமின் பாத் கட்சி ஆட்சி யசீதிகளை அரபுகள் என்று பதியச் சொல்லி வற்புறுத்தியது. குர்துத் தலைவர்கள் அவர்களே தூய ஆதி குர்துகள் என்றார்கள். 2014 ஆகஸ்ட் 3 அன்று ஐ.எஸ். படை யசீதிகள் நிறைந்த சிஞ்சாருக்குள் நுழைந்தபோது, காவலுக்கு இருந்த குர்து பெஷ்மெர்கா படையினர் பின்வாங்கிவிட்டார்கள். மலையில் தாகத்தோடு சிக்கியவர்களுக்கு வழி திறந்துவிட்டவர்களும் சிரியாவிலிருந்து வந்த வேறு குர்துப் படையினரே. ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள், பெண்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள், 2016-இல் ஐ.நா. விசாரணைக் குழு இதை இனப்படுகொலை என்றது. அதில் தப்பிய நாதியா முராத் 2018-இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நாங்கள் குர்துகளே என்பவர்களும் உண்டு, எங்கள் இனமே தனி என்பவர்களும் உண்டு. உங்கள் பெயர் இது என்று ஆளாளுக்கு ஒன்றைச் சூட்டிப் பார்த்த மக்கள் மீது, நாம் வேறு போய் ‘தமிழர்’ என்று இன்னொன்றை ஒட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இதையெல்லாம் சித்தப்பா மகனிடம் தொலைபேசியில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். ‘அப்ப அந்த வெளக்கு?’ என்றான். அதற்குச் சஞ்சக் என்று பெயர், பாடகர்களான கவ்வால்கள் அதை ஊர் ஊராக எடுத்துச் செல்வார்கள், நம் உற்சவர் புறப்பாடு போல மக்கள் காணிக்கையோடு வந்து வணங்குவார்கள் என்றேன். சிஞ்சார்ப் பக்கத்து ஊர்கள் பலவும் இன்னும் இடிந்தே கிடக்கின்றன, பத்தாண்டு கழிந்தும் ஏராளமானோர் வடக்கு ஈராக்கின் துஹோக் நகரைச் சுற்றியுள்ள முகாம்களில் இருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். ‘இன்னமுமா கூடாரத்துல இருக்காங்க?’ என்று கேட்டவன், சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, குழுவில் போட்ட படத்தை இப்போது எப்படி நீக்குவது என்று கேட்டான். நாள் கடந்துவிட்டதால் எல்லோருடைய கைபேசியிலிருந்தும் நீக்க முடியாது என்றேன்.